திரிகைக்கு ஒரு முடி தள்ளி

எனக்கு மோசமாகப் பாடக் கற்றுக்கொடுத்தவள் என் மாமனின் மனைவி. நன்றாகப் பாடுவது எப்படியோ தானாக வந்திருந்தது. அதற்காக யாரும் மெனக்கெடவில்லை. மோசமாகப் பாடுவதற்குத்தான் ஒரு மழைக்காலத்தின் கடைசிப் பகுதி முழுக்கப் பயிற்சி எடுத்துக்கொண்டேன்.

அப்போது நாங்கள் மைசூரில் இட்டிகேகூட்டில் இருந்தோம். மிருகக்காட்சி சாலைக்கு இந்தப் பக்கம், ஜட்காக்காரர்களும் லாயத்து வேலைக்காரர்களும் குடியிருந்த ஓட்டு வீட்டு வரிசை. விடியற்காலையில் சிங்கம் கத்தினால் மாமனின் குதிரை காதை ஆட்டும், அவ்வளவுதான், அதற்கும் பழகிவிட்டது. என் அம்மா காய்ச்சலில் போய்விட்டாள். அப்பா கோலார் சுரங்கத்துக்கு வேலைக்குப் போனவர், திரும்பவில்லை. அம்மாவின் தம்பியான மாமன் என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு தன் வீட்டுக்கு வந்துவிட்டார். இரண்டாம் வகுப்பு வரை கன்னடப் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். தமிழ் எழுத்து பின்னால் நாடக நோட்டீசுகளைப் பார்த்துப் படித்துக்கொண்டது.

மாமன் தங்கமானவர் என்று தெரு முழுக்கச் சொல்லும். யாரைக் கண்டாலும் சிரிப்பார், என்னை ‘மாப்ளே’ என்றுதான் கூப்பிடுவார். அத்தையைப் பற்றித் தெருவுக்கு வேறு அபிப்பிராயம். அவள் கௌதள்ளி என்ற மலையோரக் கிராமத்துக்காரி. வாயைத் திறந்தால் வசவு. நான் தட்டின் முன் உட்கார்ந்ததும், “இது வவுறா, குதிரைத் தொட்டியா?” என்று கத்திக்கொண்டே இன்னொரு பாதிக் களி உருண்டையைத் தட்டில் போடுவாள். தெருவுக்குச் சத்தம்தான் கேட்கும், தட்டு தெரியாது. தாயில்லாப் பிள்ளையை அந்தப் பொம்பளை பட்டினி போடுகிறாள் என்று பேசிக்கொண்டார்கள். நானும் அதையே நம்பினேன். தின்றுகொண்டே நம்பினேன்.

அந்த வருஷம் குதிரைக்குக் குளம்பில் சீழ் வைத்தது. அது நொண்ட ஆரம்பித்ததும் ஸ்டேஷன் சவாரி போயிற்று. வெள்ளைக்காரர்களும் உத்தியோகஸ்தர்களும் நொண்டிக் குதிரை வண்டியில் ஏறுவார்களா? சந்தைக்குக் காய்கறி மூட்டை ஏற்றுவதுதான் மிச்சம். களியோடு இருந்த குழம்பு உப்பும் மிளகாயுமாக மாறியது. தொட்டிலில் ஒரு பெண் குழந்தை வேறு இருந்தது.

தசரா முடிந்தும் ஒரு பையன்கள் நாடகக் கம்பெனி ஊரைவிட்டுப் போகாமல் மைதானத்தில் தகரக் கொட்டகை போட்டு ஆடிக்கொண்டிருந்தது. தமிழ்நாட்டுக் கம்பெனி. ராஜா, ராணி, மந்திரி, தோழி எல்லாமே பையன்கள்தான். அவர்களுடைய மூட்டைகளை ஏற்றிப் போன பழக்கத்தில் மாமன் ஓசியில் நாடகம் பார்ப்பார். ஒரு நாள் கம்பெனி வாத்தியார், பாடத் தெரிந்த பையன் யாராவது இருக்கிறானா என்று கேட்டிருக்கிறார். குதிரைக்குப் புல் போடும்போது நான் பாடுவது மாமனுக்கு ஞாபகம் வந்திருக்கிறது. வாக்குக் கொடுத்துவிட்டு வந்துவிட்டார்.

“மூணு வருஷம். சோறு, துணி எல்லாம் அவங்களே. மதுரை, சிலோன்னு ஊரெல்லாம் பாக்கலாம். குரல் மட்டும் பிடிச்சிருக்கணும். அடுத்த மாசம் கூட்டிட்டு வரச் சொல்லியிருக்காரு” என்றார் மாமன்.

அத்தை அடுப்பைப் பார்த்தபடியே, “ஏனுங்க, பையனக் கேட்டீங்களா?” என்றாள்.

“எங்கக்கா மகன். நான்தானே கேக்கணும்? நீ சும்னிரு” என்றார் மாமன். சும்னிரு என்றால் சும்மா இரு. அவர் மைசூரிலேயே பிறந்தவர். கோபம் வந்தால் கன்னடம் வந்துவிடும்.

அத்தை சும்மா இருந்தாள். அதுவே எனக்கு ஆச்சரியமாக இருந்தது. என்னைப் போகவிடக்கூடாது என்று அவள் தெருவில் நின்று கத்தியிருந்தாலும் யார் நம்பியிருப்பார்கள்? ஒரு வாய் குறைகிறது என்று அவள் சந்தோஷப்படுவதாகத்தான் பேசியிருப்பார்கள். எனக்கோ, கம்பெனி என்றால் ஜட்கா ஸ்டாண்டு மாதிரி என்று நினைப்பு. காலையில் போய்ச் சாயங்காலம் வீட்டுக்கு வருவது. மூன்று வருஷம் என்பது என்ன அளவு என்று தெரியாத வயது.

மறுநாள் மத்தியானம் மாமன் சந்தைக்குப் போன பிறகு, அத்தை திரிகையின் முன் உட்கார்ந்து என்னைக் கூப்பிட்டாள். ஒரு கை ராகியைக் குழிக்குள் போட்டு, முளையைப் பிடித்துச் சுற்றிக்கொண்டே பேசினாள்.

“என்ர தம்பியும் கம்பெனிக்குப் போனவன்தான். உன்னாட்டந்தான் பாடுவான். மீச மொளைக்கற வயசுல தொண்டை ஒடைஞ்சு போச்சு. அந்தக் கொரல வெச்சுட்டு அவங்க என்ன பண்ணுவாங்க? எந்த ஊர்ல எறக்கி உட்டாங்கன்னு கூடச் சொல்லல” என்றாள். அழவில்லை. ராகி விலையைச் சொல்வது போலத்தான் சொன்னாள். அடுத்த மூச்சில், “டேய், அந்த வாத்தியாருக்கு முன்னால நீ கேவலமாப் பாடோணும்” என்றாள்.

“ஏன் அத்தை?”

“ஒரு வெளயாட்டுடா. மாமங்கிட்டச் சொன்னீன்னா தோல உரிச்சுப் போடுவன்.”

தம்பி கதைக்கும் விளையாட்டுக்கும் எனக்கு ஒரு சம்பந்தமும் தெரியவில்லை. அத்தை என்னோடு விளையாடக் கூப்பிட்டதே பெரிய விஷயமாக இருந்தது.

ராகி அரைக்கிற பெண்கள் எல்லோரும் பாடிக்கொண்டேதான் அரைப்பார்கள். பாடாமல் அரைத்தால் கை சீக்கிரம் வலிக்கும் என்பார்கள். மேல்கல் சுற்றச் சுற்ற ஒரே ஒரு சத்தம் வரும். கொர்ர்ரென்று, நின்ற இடத்திலேயே நிற்கிற சத்தம். பாட்டு அதன்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டு போகும். எங்கள் வீட்டுச் சுருதிப் பெட்டி அந்தத் திரிகைதான்.

மாமன் எனக்குச் சொல்லிவைத்திருந்தது முருகன் மேல் ஒரு பாட்டு, மயில் ஆடி வருகிற மாதிரி. மோசமாகத்தானே பாட வேண்டும் என்று நான் முதலில் தொண்டை கிழியக் கத்தினேன். அத்தை கல்லை நிறுத்திவிட்டாள்.

“இது கேவலமே இல்ல. சளி புடிச்சவன் கத்தறாப்புல இருக்குது. ரெண்டு நாள் மொளகுக் கசாயம் குடுத்தாச் செரியாயிரும்னு எடுத்துக்குவாங்க. இப்பக் கேளு, கல்லு எங்க நிக்குதுன்னு தெரியுதா? அதும் மேல ஒக்காராத. ஒரு முடி, தலமுடி கனந்தான், கீழ எறங்கி நில்லு. கடைசி வரைக்கும் அங்கயே நின்னு பாடு.”

கல் சுற்றியது. நான் ஒரு முடி கீழே இறங்கி நின்றேன்.

அந்தச் சத்தத்தை எப்படிச் சொல்வது? புளியங்காயைக் கடித்த பிறகு தகரத்தில் நகத்தால் கீறினது போலிருந்தது. என் பல்லே கூசியது. அத்தையின் தோள் குலுங்கியது. முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு, கண்ணை மூடி, சத்தமில்லாமல் சிரித்தாள். அவள் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. மேல்வரிசையில் ஒரு பல் இல்லை என்பதே அன்றுதான் தெரிந்தது.

அதற்குப் பிறகு எங்களைப் பிடிக்க முடியவில்லை. நன்றாகப் பாடுவதற்கு ஒரே ஒரு வழிதான், மோசமாகப் பாடுவதற்கு எத்தனையோ வழிகள் இருந்தன. இழுக்க வேண்டிய இடத்தில் வெட்டினேன், வெட்ட வேண்டிய இடத்தில் இழுத்தேன். வரியின் வாலை விழுங்கினேன். உச்சிக்குப் போகிற இடத்தில் ஒரு விக்கலை வைத்தேன். விக்கல் என் சொந்தக் கற்பனை. மூக்கால் பாடுவது அத்தையின் யோசனை. எண்ணெய் போடாத கிணற்று உருளை, வேலியில் மாட்டிய ஆடு என்று ஒவ்வொன்றுக்கும் பெயர் வைத்தோம். “உருளைய விட்டுப்போட்டு இப்ப ஆட்டுல ஒருக்காப் பாடு” என்பாள். முருகனின் மயில் எங்கள் வீட்டில் கால் ஒடிந்து, தொண்டை கட்டி, ஒரு பக்கத்து இறகு இல்லாமல் வந்தது. ஒன்று பிரமாதமாக வாய்த்துவிட்டால், “இதுதாண்டா எல்லாத்தயும்விடக் கேவலம்!” என்று தொடையில் தட்டுவாள். எங்களிடம் இருந்த பட்டங்களில் பெரிய பட்டம் அது.

ஒரு நாள் பக்கத்து வீட்டுக் கன்னடத்து அம்மாள் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து, “ஏனம்மா, கத்தெ சாகிதீரா?” என்று கேட்டாள். கழுதை வளர்க்கிறீர்களா என்று.

அத்தை கல்லை நிறுத்தாமல், “ஹௌதக்கா, ஹாலூ கொடத்தெ!” என்று பதில் கொடுத்தாள். ஆமாம் அக்கா, பால்கூடக் கொடுக்கும். நான் ராகி மாவில் விழுந்து சிரித்தேன். மாவு சிந்தியதற்கு முதுகில் ஒன்று வைத்தாள். அதுவும் அன்று வலிக்கவில்லை.

ஒரே ஒரு குறை. அத்தைக்கு மட்டும் மோசமாகப் பாட வரவில்லை. அவளும் முயன்றாள். முதல் வரியில் ஒரு முடி இறங்கி நிற்பாள். கல் ஒரு சுற்றுச் சுற்றுவதற்குள் குரல் தானாக ஏறிக் கல்லின்மேல் உட்கார்ந்துவிடும். எத்தனை வருஷத்துப் பழக்கமோ. “எனக்கு வராது போடா. நீதான் பெரிய வித்துவான்” என்பாள். அப்போது எனக்கு வந்த கர்வத்துக்கு அளவில்லை.

சாயங்காலம் மாமன் வந்ததும் லாயத்தில் அவர் முன்னால் அதே பாட்டை ஒழுங்காகப் பாடிக் காட்டுவேன். குதிரையின் காலுக்கு வேப்பெண்ணெய் தடவிக்கொண்டே தலையை ஆட்டுவார். ஒரே பாட்டு பகலில் நொண்டும், சாயங்காலம் நடக்கும்.

அந்த நாள் வந்தது. அத்தை என் தலையில் எண்ணெய் தேய்த்துப் படிய வாரிவிட்டாள். மாமன் சட்டையை எடுக்க உள்ளே போனபோது, என் காதைத் திருகி, “ஒரு முடி” என்று மட்டும் சொன்னாள்.

கொட்டகையில் பகல் வெளிச்சம் தகர ஓட்டை வழியாகப் பொட்டுப் பொட்டாக விழுந்துகொண்டிருந்தது. ராத்திரி ஆடிய பையன்கள் பாயில் வரிசையாகத் தூங்கிக்கொண்டிருந்தார்கள். சிலருடைய காதோரம் சிவப்புச் சாயம் கழுவாமல் இருந்தது. வாத்தியார் கனத்த மனிதர். வெற்றிலையை அடக்கிக்கொண்டு சாய்ந்திருந்தார். பக்கத்தில் ஆர்மோனியப் பெட்டிக்காரர், ஒல்லியாக, தூக்கம் கலையாத முகத்தோடு.

“பாடுறா தம்பி” என்றார் வாத்தியார்.

பெட்டிக்காரர் ஒரு கட்டையை அழுத்தினார். அது நீளமாக ஒலித்தது, கல் சுற்றுவது போலவே. நான் ஒரு முடி கீழே இறங்கி நின்று ஆரம்பித்தேன். ஆடும் உருளையும் விக்கலும் ஒவ்வொன்றாக வந்தன. பாயில் கிடந்த பையன்களில் இரண்டு பேர் எழுந்து உட்கார்ந்துவிட்டார்கள். மாமனின் முகம் வெளுத்துவிட்டது. “சாமி, நேத்து சாயங்காலம் வரைக்கும் குயிலாட்டம் பாடினானுங்க! என்னமோ பயந்துட்டான் பாருங்க” என்று கையைக் கூப்பினார்.

அதோடு விட்டிருந்தால் எல்லாம் அத்தை நினைத்தபடி முடிந்திருக்கும். ஆனால் பெட்டிக்காரருக்குத் தூக்கம் கலைந்துவிட்டது. பையனின் குரல் கொஞ்சம் தணிவு, அவன் நிற்கிற இடத்துக்கே போய்ப் பிடித்துக்கொள்ளலாம் என்று நினைத்தாரோ என்னவோ, பக்கத்துக் கீழ்க்கட்டைக்கு விரலை நகர்த்தினார். எனக்குக் கல் கொஞ்சம் இறங்கியது போலக் கேட்டது. நானும் ஒரு முடி இறங்கினேன். அவர் என்னைப் பார்த்தார். இன்னொரு கட்டை இறங்கினார், நானும் இறங்கினேன். சட்டென்று மேலே தாவினார். நானும் தாவி, ஒரு முடி கீழே போய் நின்றேன். அவர் துரத்தினார், நான் ஓடினேன். பாட்டு எப்போதோ முடிந்திருக்க வேண்டும். நான் திரும்பத் திரும்ப முதலிலிருந்து எடுத்தேன். எதற்காக வந்தோம் என்பதே எனக்கு மறந்துபோயிற்று. திரிகைக்குத் துரத்தத் தெரியாதே! இது அதைவிட நல்ல விளையாட்டாக இருந்தது. கடைசியில் அவர் பக்கத்துப் பக்கத்துக் கட்டைகள் இரண்டையும் ஒன்றாக அழுத்தினார். பெட்டி கழுதை மாதிரி அலறியது. அந்த இரண்டுக்கும் நடுவில் நான் சொந்த வீட்டில் இருப்பது போல நின்றுகொண்டிருந்தேன். பெட்டிக்காரர் துருத்தியை விட்டுவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சரிந்தார்.

வாத்தியார் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தார்.

“இவன் சுருதி கெட்டவன் இல்லையப்பா. சுருதி எந்த வீட்டுல இருக்குன்னு தெரிஞ்சுக்கிட்டு, அதுக்கு அடுத்த வீட்டுல குடியிருக்கான். யார்றா சொல்லிக் கொடுத்தது?”

அத்தை தோலை உரிப்பாளே என்று நான் மாமனை ஒரு பார்வை பார்த்துக்கொண்டேன்.

“சரி, சொல்லாதே. ராஜபார்ட்டுக்கு ஆள் கிடைச்சிரும். பபூனுக்குத்தான் கிடைக்கிறதில்லை. பையனைக் கம்பெனியில விட்டுரு” என்றார் மாமனிடம். மாமனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கட்டைவிரலில் மை தடவி மூன்று வருஷப் பத்திரத்தில் ஒற்றினார். சாமான் எடுத்துக்கொண்டு மறுநாள் காலை வரலாம் என்றார்கள்.

வீட்டுக்கு ஓடினேன். அத்தை அடுப்படியில் நின்று துடுப்பால் களி கிண்டிக்கொண்டிருந்தாள்.

“பாடுனியா?”

“ரொம்பக் கேவலம் அத்தை! பெட்டிக்காரரு சிரிச்சுக் கீழயே விழுந்துட்டாரு!”

“அப்பறம்?”

“எடுத்துக்கிட்டாங்க.”

துடுப்பு நின்றது. நான் பட்டத்துக்காகக் காத்துக்கொண்டிருந்தேன். அவள் கொடுக்கவில்லை. அன்று அந்த வீட்டில் முதல் தடவையாகக் களி அடிப்பிடித்தது. மாமன் சந்தோஷத்தில் இருந்ததால் தீய்ந்த களியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

மூன்று வருஷம் என்று போனவன் கம்பெனியில் ஒன்பது வருஷம் இருந்தேன். சொறி, பிரம்படி, தண்ணி மோர், ரயில் பெட்டியில் உட்கார்ந்தபடி தூக்கம், எல்லாம் எல்லோருக்கும் இருந்தவைதான். என்னோடு இருந்த நல்ல குரல்காரப் பையன்களுக்கு ஒவ்வொருவராக மகரக்கட்டு வந்தது. குரல் உடைந்ததும் அந்தந்த ஊரில் கணக்குத் தீர்த்து இறக்கிவிட்டார்கள். ராணி வேஷம் போட்டவன் ஒருவன் திண்டுக்கல் ஸ்டேஷனில் தகரப் பெட்டியோடு நின்றது கண்ணில் இருக்கிறது. எனக்கும் குரல் உடைந்தது. ஆனால் அதில் கெட்டுப்போக ஒன்றும் மிச்சமில்லை. முன்னைவிட அதிகமாகச் சிரித்தார்கள். என்னைக் கம்பெனிக்கு அனுப்பக்கூடாது என்று அத்தை கற்றுக்கொடுத்த வித்தைதான் கம்பெனியில் எனக்குச் சோறு போட்டது. கம்பெனி கலைந்த பிறகு தேயிலைத் தோட்டம், உப்பளம், ரோடு வேலை என்று கால் போன பக்கமெல்லாம் போனேன். மைசூருக்கு ஒரு தடவை திரும்பினபோது ஜட்கா ஸ்டாண்டில் மோட்டார்கள் நின்றன. எங்கள் வீட்டில் வேறு யாரோ இருந்தார்கள். மாமனும் அத்தையும் கௌதள்ளிப் பக்கமே போய்விட்டதாகச் சொன்னார்கள்.

சொல்ல வந்தது கிளம்பின அந்தக் காலையைப் பற்றி. மாமன் வாசலில் வண்டி பூட்டிக்கொண்டிருந்தார். கம்பெனிக்குப் போகிற பையன் நடந்து போகக்கூடாதாம், நொண்டிக் குதிரையானாலும் வண்டியில்தான் போக வேண்டுமாம். அத்தை என் இரண்டு துணியை மூட்டை கட்டி என் கையில் கொடுத்துவிட்டு, போய்த் திரிகையின் முன் உட்கார்ந்தாள். முதல் நாள் அரைத்த மாவே பானையில் இருந்தது. இருந்தாலும் அரைக்க ஆரம்பித்தாள்.

நான் வாசற்படியில் நின்றேன். அவள் முதுகுதான் தெரிந்தது. அரைக்கிற பாட்டை எடுத்தாள். நான் காதைத் தீட்டிக்கொண்டேன். குரல் கல்லின்மேல் இல்லை. ஒரு முடி கீழே இருந்தது. கல் ஒரு சுற்றுச் சுற்றியது, இன்னொரு சுற்றுச் சுற்றியது. குரல் ஏறவில்லை, கீழேயே நின்றது. இழுக்க வேண்டிய இடத்தில் வெட்டியது. வரியின் வால் உள்ளே போயிற்று. உச்சிக்குப் போகிற இடத்தில் என் விக்கல்கூட வந்தது, நான் கண்டுபிடித்த அதே விக்கல்.

கடைசியில் அத்தைக்கு வந்துவிட்டதே என்று எனக்குத் தாங்க முடியாத சந்தோஷம். நான் போவதற்குள் செய்து காட்டிவிட வேண்டும் என்று இருந்திருக்கிறாள் என்று நினைத்தேன். மூட்டையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கையைத் தட்டினேன்.

“இதுதான் அத்தை எல்லாத்தையும்விடக் கேவலம்!” என்று கத்தினேன்.

அவள் திரும்பவில்லை. கல்லும் நிற்கவில்லை. மாமன் கூப்பிட்டார், நான் சிரித்துக்கொண்டே ஓடிப்போய் வண்டியில் ஏறிக்கொண்டேன்.